செட்டியாரை ஒன்பது முறை குடிவைத்த தரகர்

மருதூர் ராசா இளவழுதிக்கு ஒரு பலவீனம். "இது பழைய வழக்கம்" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், மேற்கொண்டு கேள்வியே கேட்கமாட்டார்.

அந்த ஊர்க் கடைவீதியிலும் ஒரு வழக்கம் இருந்தது. வாடகைக்கு வருபவரைத் தரகர் கைபிடித்துக் கடையின் நிலைப்படி தாண்டவைக்க வேண்டும். அதற்குத் தரகு ஒரு மாத வாடகை. நியாயம்தான். ஆனால் தரகர் அம்பலவாணர் அதில் ஒரு வித்தை கண்டுபிடித்தார். ஒப்பந்தம் வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும் அல்லவா? அன்றைக்குக் காலையிலேயே போவார். உள்ளே எண்ணெய் அளந்துகொண்டிருக்கும் பொன்னப்பச் செட்டியாரைத் தெருவில் இறக்குவார். கைபிடித்து மறுபடி உள்ளே ஏற்றுவார். "புதுக்குடி வைத்தாயிற்று" என்று கடையின் சொந்தக்காரி செங்கமலத்திடம் கையை நீட்டுவார். ஒன்பது வருஷமாக இதே கூத்து.

இந்த வருஷம் இறக்கியவர் ஏற்றவில்லை. செங்கமலம் மூன்று மாத வாடகை தந்தால்தான் ஏற்றுவாராம். செட்டியார் இரண்டு நாளாக எண்ணெய்ச் செம்போடு தெருவில் நிற்கிறார். அவள் வீட்டில் அடுப்பெரிவதே அந்த வாடகையில்தான். அவள் சபைக்கு வந்து அழுதாள். அம்பலவாணரும் அங்கேதான் நின்றார்.

ராசா தாடியைத் தடவினார். "வழக்கமாயிற்றே, அம்மா."

"நல்ல வழக்கம், மகாராசா" என்றார் மந்திரி நல்லபெருமாள். முகத்தில் ஒரு சுருக்கம் கூட இல்லை. "அரண்மனையிலும் கொண்டுவந்துவிடலாம். அம்பலவாணருக்கு நாம் கொடுத்த தரகுப் பட்டயம் இன்றோடு முடிகிறது. முறைப்படி புதுப்பித்துவிடுவோம்."

வாசல்காவலன் கூத்தன் வந்தான். அம்பலவாணரை மிகுந்த மரியாதையோடு கைபிடித்துக் கூட்டிப்போய்க் கோட்டை வாசலுக்கு வெளியே இறக்கினான். இறக்கிவிட்டு நின்றான்.

"உள்ளே ஏற்றப்பா" என்றார் அம்பலவாணர்.

"ஏற்றலாங்க. மூணு மாச வருமானம்."

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இருபது வருஷமாகப் பெரிய மனுஷர்களை உள்ளே விட்டு ஒரு வெற்றிலைகூடப் பார்க்காதவன். சட்டென்று பிடித்துக்கொண்டான்.

உச்சிவெயில் ஏறியது. தரகர் காலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். கடைசியில் அவர் குரல் சபைவரைக்கும் வந்தது.

"ராசா, நான் உள்ளேயே இருந்தவன். இவனே வெளியே இறக்கிவிட்டு, இவனே உள்ளே ஏற்றுவதற்கு ஒரு கூலியா? இது எந்த ஊர் நியாயம்?"

செங்கமலம் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"தீர்ப்பைத் தரகரே சொல்லிவிட்டார்" என்றார் ராசா. "எழுதிக்கொள்ளுங்கள். குடிவைப்பது ஒரே முறை, தரகும் ஒரே முறை. செட்டியாரை யாராவது உள்ளே போகச் சொல்லுங்கள், பாவம்."

பிறகுதான் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கிரீடம் கோணியது. தம் மோதிரத்தைக் கழற்றி நல்லபெருமாளுக்குப் போட்டார். "வீட்டுக்குப் போய் ஓய்வெடும். நாளைக்குப் பார்ப்போம்."

நல்லபெருமாள் வாசலைப் பார்த்தார். அங்கே கூத்தன் இன்னும் கையை நீட்டியபடியே நின்றான்.

மந்திரி மோதிரத்தை மடியில் முடிந்துகொண்டார்.

"இங்கேயே ஒரு பாய் போடச் சொல்லுங்கள், மகாராசா."