ரெஜெக்ஸ் கையேட்டின் மூன்று பக்கங்கள்

கோயமுத்தூரில் அச்சகங்களுக்கு மென்பொருள் செய்து விற்கிற ஒரு கம்பெனி. அங்கே குரு, சீடர் என்று யாரையும் கூப்பிடுகிற வழக்கமில்லை. குருவை மேடம் என்பார்கள். சீடரை சார் என்பார்கள், ஏனென்றால் சீடருக்குத்தான் வயது அதிகம்.

சீடர் தேவசகாயம் அத்தனை காலமும் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தவர். ஆட்குறைப்பு வந்தது. கையேடு எழுதுகிற பிரிவில் வேண்டுமானால் இருந்து பாருங்கள், தேறினால் வேலை, தேறாவிட்டால் வீடு என்று சொல்லிவிட்டார்கள். தேறினாரா இல்லையா என்று மேலிடத்துக்கு எழுத வேண்டியவர் அந்தப் பிரிவின் தலைவி கோகிலவாணி. தேவசகாயம் வீட்டில் மகள் இன்னும் படிப்பை முடிக்கவில்லை.

அவருக்குக் கொடுத்தது ரெஜெக்ஸ் பகுதியை ஒழுங்குபடுத்துகிற வேலை. ரெஜெக்ஸ் என்றதும் மிரள வேண்டாம். தேட வேண்டிய சொல்லைக் கொடுக்காமல், அதன் சாடையைக் குறிகளால் கொடுப்பது, அவ்வளவுதான். புள்ளி வைத்தால் ஏதோ ஓர் எழுத்து. அதை ஒட்டி நட்சத்திரம் போட்டால், அப்படி எத்தனை எழுத்து வந்தாலும் சரி.

பழைய கையேட்டில் குறி, உதாரணம், எச்சரிக்கை எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. தேவசகாயம் உட்கார்ந்து பிரித்தார். குறிகள் எல்லாம் ஒரு பக்கம். உதாரணங்கள் எல்லாம் ஒரு பக்கம். எச்சரிக்கைகள் எல்லாம் ஒரு பக்கம். அவருக்கே பார்க்கப் பார்க்கத் திருப்தியாக இருந்தது.

"எப்படி இருக்கு மேடம்? அடுக்கினது சரிதானே?"

கோகிலவாணி மூன்று பக்கங்களையும் பொறுமையாகப் படித்தார். சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை.

"இன்னைக்கு உதவி கேட்டு வர்ற போனை நீங்க எடுங்க சார்."

"நானா?"

"நீங்கதான். மண்டையில இருக்கறதைச் சொல்ல வேண்டாங்க. இதுல என்ன எழுதியிருக்கீங்களோ, அதைப் பார்த்துச் சொன்னாப் போதும்."

இதென்ன சோதனை என்று தேவசகாயத்துக்குக் கொஞ்சம் கடுப்புதான். காட்டிக்கொள்ளவில்லை. போய் உட்கார்ந்தார். கோகிலவாணியும் பக்கத்து நாற்காலியில் தன் வேலையோடு வந்து உட்கார்ந்துகொண்டார்.

சில்லறைக் கேள்விகளாக வந்தன. மதியத்துக்கு மேல் சிவகாசியிலிருந்து ஒரு போன். காலண்டர் அடிக்கிற அச்சகம். பேசிய பெண்ணின் பெயர் ராஜகனி.

"சார், மாசத்துக்கு ஒரு வரியா விசேஷ நாளெல்லாம் அடிச்சு வச்சிருக்கேன். ஒவ்வொரு விசேஷத்துக்குப் பக்கத்துலயும் ஜோசியர் அடைப்புக்குறி போட்டு ஒரு குறிப்பு எழுதியிருக்காரு. அந்தக் குறிப்பை எல்லாம் ஒரே அடியா எடுக்கணும். சாயங்காலம் அச்சுப் பிளேட்டுக்குப் போகுது."

தேவசகாயத்துக்கு முகம் மலர்ந்தது. உதாரணப் பக்கத்தில் மூன்றாவதாகவே இருந்தது அது. அடைப்புக்குறிக்குள் இருப்பதை நீக்க. நிறுத்தி நிதானமாகப் படித்தார். திறக்கிற குறி, புள்ளி, நட்சத்திரம், மூடுகிற குறி. அடைப்புக்குறி இரண்டுக்கும் முன்னால் ஒரு பின்சாய்கோடு. ராஜகனி ஒவ்வொன்றாக அடித்தார்.

"போயிருச்சு சார், எல்லாம் போயிருச்சு. சேமிச்சுட்டேன். ரொம்ப நன்றி."

"நல்லதும்மா."

போனை வைக்கப் போனார்.

"சார், ஒரு நிமிஷம். தை மாசத்துல பிரதோஷத்தைக் காணோமே."

"காணோமா?"

"கிருத்திகையும் இல்ல. மாசியிலயும் இல்ல சார். ஒவ்வொரு மாசத்துலயும் முதல் விசேஷம் மட்டும்தான் நிக்குது."

தேவசகாயத்துக்கு உடனே புரிந்துபோயிற்று. நட்சத்திரம் பேராசை பிடித்த குறி. வரியில் முதலில் திறக்கிற அடைப்புக்குறியைப் பிடித்தால், கடைசியாக மூடுகிற குறி வரைக்கும் விடாது. நடுவில் பிரதோஷம் இருந்தால் என்ன, கிருத்திகை இருந்தால் என்ன, எல்லாம் அதற்கு ஒன்றுதான். அவருக்குத் தெரியாததா? தானே எழுதியிருக்கிறார், எச்சரிக்கைப் பக்கத்தில். உதாரணப் பக்கத்தைப் படிக்கும்போது அது ஞாபகத்துக்கே வரவில்லை.

"அம்மா, தப்பு என் மேல. நேத்து வச்ச பிரதி ஏதாவது இருக்கா?"

"நேத்து வச்சது இருக்கு. காலையில ஜோசியர் சொன்ன திருத்தமெல்லாம் அதுல இல்லையே சார். முதலாளி வந்தா என்னைய உண்டு இல்லைன்னு ஆக்கிருவாரு."

"நான் லைன்லயே இருக்கேன். ஒவ்வொண்ணா போட்டுருவோம்."

ராஜகனி திருத்தங்களைப் படித்துப் படித்து அடித்தார். தேவசகாயம் கூடவே சரிபார்த்தார். எல்லாம் முடிந்ததும் ராஜகனி தயங்கினார்.

"இப்ப மறுபடியும் அந்தக் குறியைப் போடணுமா சார்? பயமா இருக்கு."

"போடுங்க. ஆனா அதே மாதிரி வேண்டாம். ஒரு வரியில ரெண்டு குறிப்பு இருந்தா நட்சத்திரம் நடுவுல இருக்கறதையும் சேர்த்து முழுங்கிரும். நட்சத்திரத்துக்கு அடுத்தாப்ல ஒரு கேள்விக்குறி போடுங்க, முதல் மூடுற குறியிலேயே நின்னுரும். சேமிக்க வேண்டாம். முதல்ல தை மாசத்தைப் பாருங்க."

"பிரதோஷம் இருக்கு சார். கிருத்திகை இருக்கு. குறிப்புதான் போயிருக்கு."

"இப்ப சேமிங்க."

போனை வைத்தார். கோகிலவாணி பக்கம் திரும்பவே கூச்சமாக இருந்தது.

"மேடம், நான் தேறலைன்னே எழுதிருங்க."

"கடைசியா அந்தம்மாகிட்ட என்ன சொன்னீங்க?"

தேவசகாயம் திரும்பச் சொன்னார். ரெண்டு குறிப்பு இருந்தா முழுங்கிரும். கேள்விக்குறி போடுங்க. சேமிக்கறதுக்கு முன்னாடி பாருங்க.

"அதை அந்த உதாரணத்துக்குக் கீழயே அப்படியே எழுதிக் கொண்டாங்க. மேலிடத்துக்கு நான் அதுக்கப்புறம் எழுதறேன்."

பிழைத்தோம் என்று எழுந்து போயிருக்கலாம். பழகிய புத்தி விடுமா? இரண்டடி போனவர் திரும்பி வந்தார்.

"ஆனா மேடம், நட்சத்திரம் வர்ற உதாரணம் ஏகப்பட்டது இருக்கு. எல்லாத்துக்கும் கீழ இதே எச்சரிக்கையைத் திரும்பத் திரும்ப எழுதணுமே. புரோகிராம்ல நாங்க அப்படிச் செய்யவே மாட்டோம். ஒரு விஷயத்தை ஒரே இடத்துலதான் வைப்போம். வேணுங்கறப்போ அங்க போய் எடுத்துக்கும்."

"எது போய் எடுத்துக்கும்?"

"மெஷின்."

கோகிலவாணி கணினியிலிருந்து கண்ணை எடுத்தார்.

"போகணும்னு மெஷினுக்கு நீங்க சொல்லி வச்சிருப்பீங்க சார். உங்க உதாரணப் பக்கத்தைப் பிரிக்கற ராஜகனிக்கு யாரு சொல்லுவாங்க?"