மரியாதைப் பாறையில் ஏறாத மான்

வஞ்சிக்கொடி என்ற புள்ளிமான், காட்டுப்பன்றி வராகப்பனைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அதன் கழுத்தில் மாலை இருந்தது. வாயில் கிழங்கு இருந்தது. குளக்கரையில் இருந்த மரியாதைப் பாறைமேல் அது சாய்ந்து படுத்திருந்தது.

"இறங்கி நாலு எட்டு நடங்களேன், அண்ணே!" என்றது வஞ்சிக்கொடி.

"நான் எதுக்குத் தாயி நடக்கணும்? எனக்காக இந்தக் காடே நடக்குது!" என்றது வராகப்பன்.

அன்று மாலை சிறுத்தை வந்தது. காடே ஓடியது. வராகப்பனும் ஓடத்தான் நினைத்தது. கால்கள் சொன்னபடி கேட்கவில்லை.

மறுநாள் இரங்கல் கூட்டத்தில் நரி சபாபதி கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசியது. "எவ்வளவு மரியாதையான சாவு! கழுத்து மாலையோட போயிட்டாரே!" என்றது. எல்லா மிருகங்களும் தலையாட்டின.

அந்தக் காட்டில் வருடத்துக்கு ஒருமுறை குளத்தைச் சுற்றி ஓட்டப் பந்தயம் நடக்கும். மனிதக் கணக்கில் ஐம்பது வயதைத் தாண்டிய மிருகம் அதில் ஓடக்கூடாது. அதற்கு மாலை போட்டு, மரியாதைப் பாறைமேல் உட்கார வைத்து, வேளாவேளைக்குத் தீனி கொண்டுவந்து கொடுப்பார்கள். பெரியவர்களை இதைவிட எப்படிக் கௌரவிப்பது? வராகப்பனுக்கு முன்னால் பாறையில் ஏறிய பலரும் அதைப்போலவே போய்ச் சேர்ந்திருந்தார்கள். சிறுத்தைக்கு இந்த வழக்கம் மிகவும் பிடித்திருந்தது.

இந்த வருடம் வஞ்சிக்கொடியின் முறை.

பந்தயத்தை நடத்துவது நரி சபாபதிதான். அது பல்லெல்லாம் தெரிய வந்து நின்றது.

"வஞ்சியக்கா, வாழ்த்துகள்! மாலை கட்டச் சொல்லியாச்சு. பந்தயத்தன்னிக்கு நீங்கதான் சிறப்பு விருந்தாளி!"

"நான் விருந்தாளியா வரல, சபாபதி. ஓட வர்றேன்."

நரி சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த குரங்கு மருத்துவர் கீழே எட்டிப் பார்த்தது.

"இந்த வயசுல ஓட்டமா? முட்டி தேஞ்சிடும்! இதயம் நின்னுடும்!" என்றது. குரங்கு அந்தக் கிளையை விட்டு இறங்கிப் பல காலம் ஆகிறது. தொப்பை விடவில்லை.

"அது நிக்கிற அன்னிக்கு நானும் நிக்கிறேன், டாக்டர்!"

நரி தாடையைச் சொறிந்தது. "சின்னப் பசங்களோட ஓடி நீங்க விழுந்து வச்சா, எல்லாரும் என்னைத்தான் ஏசுவாங்க. ஒண்ணு செய்யுங்க. உங்க வயசுல இன்னொரு ஆளைக் கூட்டிட்டு வாங்க. ரெண்டு பேரும் தனியா ஓடுங்க. ஆள் கிடைக்கலன்னா பேசாம மாலையைப் போட்டுக்கிட்டுப் பாறையில ஏறிடணும். சம்மதமா?"

"சம்மதம்!"

நரிக்கு மகிழ்ச்சி. அந்த வயதில் எந்த முட்டாள் ஓட வரும்?

வஞ்சிக்கொடி நேராகப் பாறைக்குப் போனது. அங்கே, வராகப்பனுக்குப் பிறகு மாலை போட்டு ஏற்றிவைத்த கடமான் தாண்டவன் படுத்திருந்தது. இளவயதில் எல்லாப் பந்தயங்களிலும் முதலில் வந்தது அதுதான். வஞ்சிக்கொடி எப்போதும் இரண்டாவது. இப்போது தாண்டவனின் வயிறு பாறை ஓரத்தில் வழிந்துகொண்டிருந்தது.

"தாண்டவா, இறங்கி வா. என்கூடப் பந்தயத்துல ஓடணும்."

"நானா? நான் சாதிக்க வேண்டியதை எல்லாம் சாதிச்சாச்சு, வஞ்சி. ஒவ்வொரு வருசமும் உன்னை ஒரு மூக்கு அளவு முந்தினேனே, மறந்துட்டியா?"

"மறக்கல. நீ முந்தினதாத் தீர்ப்புச் சொன்ன நடுவர் யாரு?"

"ஆந்தையார்."

"பந்தயம் நடந்தது எப்போ?"

"பட்டப்பகல்ல."

சொல்லி முடித்ததும் தாண்டவனின் வாயிலிருந்த புல் கீழே விழுந்தது.

"ஏய்! ஆந்தைக்குப் பகல்ல கண்ணு தெரியாதுன்னு சொல்ல வர்றியா?"

"நான் ஒண்ணும் சொல்லல. காட்டுல பேசிக்கிறாங்க."

"எவன் பேசறான்? இதோ, இப்பவே இறங்கறேன்!"

அது இறங்கி முடிப்பதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

வஞ்சிக்கொடி அதை உடனே ஓட விடவில்லை. முதலில் நடக்க வைத்தது. பிறகு கொஞ்சம் வேகமாக. மூச்சு வாங்கினால் நிறுத்தியது. ஒருநாள் தாண்டவனுக்கு இளமை ஞாபகம் வந்து, முன்பு தாண்டிய புதரைத் தாண்டப் பார்த்து அதற்குள்ளேயே மாட்டிக்கொண்டது.

"இந்தப் புதர் ரொம்ப வளர்ந்துடுச்சு!" என்றது உள்ளே இருந்தபடி.

"ஆமாமா, புதருக்குத்தான் வயசாயிடுச்சு. வெளிய வந்து நட!" என்றது வஞ்சிக்கொடி.

பந்தய நாள் வந்தது. நரி மரியாதைப் பாறைமேல் ஏறி, 'உடல்நலம் காப்போம்' என்று காலை முழுவதும் பேசியது. உட்கார்ந்து கேட்டவர்களுக்குக் கால் மரத்துப்போனது. அதன்பிறகு இரண்டு கிழட்டு மான்களும் ஓடத் தொடங்கின.

"வழி விடுங்க, நத்தை வருது!" என்று அணில்கள் கத்தின.

"தாத்தா, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டு வரட்டுமா? அதுக்குள்ள முடிச்சிட மாட்டீங்களே?" என்றது ஒரு முயல்.

காடு விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சத்தம் கேட்டுத்தான் சிறுத்தை வந்தது.

அக்கரையில் இரண்டு கிழங்கள் தனியாக ஓடுவதை அது பார்த்தது. "இலை போட்டுப் பரிமாறி வச்சிருக்காங்களே!" என்று பாய்ந்தது.

பார்வையாளர்கள் அலறினார்கள். எழுந்தார்கள், விழுந்தார்கள், ஒருவர்மேல் ஒருவர் உருண்டார்கள். இரண்டு மான்களுக்கு மட்டும் எழுந்திருக்கும் வேலை இல்லை. அவை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன. வேகத்தைக் கொஞ்சம் கூட்ட வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

சிறுத்தைக்குத்தான் சங்கடம். பல காலமாகப் பாறையில் படுத்திருந்த இரையையே தின்று பழகிய சிறுத்தை அது. அதற்கும் ஓட்டம் விட்டுப்போயிருந்தது. பாதிச் சுற்றில் நாக்கு வெளியே தொங்கியது.

"என்ன அநியாயம் இது! வயசான காலத்துல ஒரு இடத்துல உட்கார மாட்டீங்களா?" என்று மூச்சிரைக்கக் கத்தியது.

"நீ உட்கார், தம்பி. ரொம்பக் களைச்சுட்ட!" என்றது தாண்டவன் திரும்பிப் பார்க்காமல்.

சிறுத்தை பழக்கத்தில் மரியாதைப் பாறைப் பக்கம் திரும்பியது. அங்கே கால் மரத்துப்போய் நரி நின்றிருந்தது. சிறுத்தை நகத்தை நீட்டி ஓங்கி அறைந்தது. நரி உருண்டு குளத்தில் விழுந்தது. அது நீந்திக் கரையேறியபோது சபாபதியிடம் மிஞ்சியிருந்தது பாதி வால். மீதியைக் கவ்விக்கொண்டு சிறுத்தை காட்டுக்குள் போய்விட்டது.

வஞ்சிக்கொடி எல்லைக்கோட்டைத் தாண்டியது. வாழ்நாளில் முதல் முறையாக முதலில் தாண்டியது. கைதட்ட ஒரு ஜீவன் இல்லை. எல்லாம் ஓடிப்போயிருந்தன. நடுவர் ஆந்தையார் கிளையில் தூங்கிக்கொண்டிருந்தது.

தாண்டவன் பின்னாலேயே வந்து நின்றது. வெகுநேரம் மூச்சு வாங்கியது.

"யாருமே பார்க்கல, தாண்டவா" என்றது வஞ்சிக்கொடி.

"நான் பார்த்தேனே. மூக்கு அளவெல்லாம் இல்ல. முழுசா ஒரு உடம்பு அளவு முந்திட்ட." காலை உதறிவிட்டு, "நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டது.

"விடிஞ்சதும் வா!"

ஐம்பதைத் தாண்டிய பிறகு உடம்பில் மிஞ்சியிருப்பது, நாம் விடாமல் பழக்கி வைத்தது மட்டும்தான்.