தவில்காரர் தூங்குகிறாரா?

கோரைமங்கலம் மேளசெட்டில் நான்கு பேர். நாகஸ்வரம் ஆபத்சகாயம், தவில் குஞ்சிதபாதம், தாளம் மாசிலாமணி, சுருதிப்பெட்டி நாகப்பா. வாசிப்பதில் நால்வரும் கெட்டிக்காரர்கள். வாசிப்பை நிறுத்திவிட்டு யோசிக்க ஆரம்பித்தால்தான் வம்பு.

குஞ்சிதபாதத்துக்குக் கொஞ்ச நாளாகக் காது மந்தம். தவில்காரருக்கு அது சின்ன விஷயமில்லை. தாலி கட்டும் நேரத்தில் பெரியவர் ஒருவர் "கெட்டிமேளம்!" என்று குரல் கொடுப்பார். உடனே தவில் இடிபோல முழங்க வேண்டும். அந்த நேரத்தில் யாராவது தும்மினால் அபசகுனமாம். தும்மல் சபையின் காதில் விழுந்துவிடக் கூடாது.

போன கல்யாணத்தில் குஞ்சிதபாதத்துக்குப் பெரியவர் குரல் கேட்கவில்லை. தும்மல் மட்டும் மண்டபம் முழுவதும் கேட்டது.

ரைஸ்மில் வைத்தியலிங்கம்தான் ஊர்க் கோயிலுக்கும் தர்மகர்த்தா. அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "வெள்ளிக்கிழமை என் பொண்ணு கல்யாணம். எனக்கோ துளி தூசி பட்டாலும் தும்மல் வரும். இந்தத் தடவையும் கோட்டை விட்டீங்கன்னா, கோயில் திருவிழாவுக்கு வெளியூர் செட்டைக் கூப்பிட்டுக்குவேன்."

நால்வரும் காது டாக்டரிடம் ஓடினார்கள். டாக்டரம்மா குஞ்சிதபாதத்தின் காதைச் சோதித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"காது நரம்பு பலவீனமா இருக்கு. மருந்துல சரியாகாது. இந்த மெஷினை வெச்சுக்கிட்டா கேட்கும். தூங்கும்போது கழற்றிடணும். குளிக்கும்போதும் கழற்றிடணும். அவ்வளவுதான்."

மெஷினைக் காதில் வைத்ததும் குஞ்சிதபாதம் அண்ணாந்து பார்த்தார். "அடேயப்பா! இந்த ஃபேன் இவ்வளவு சத்தம் போடுதா?"

எல்லோருக்கும் சந்தோஷம். பஸ் ஸ்டாப்புக்கு வரும்வரை சந்தோஷம்தான். அங்கே மாசிலாமணி யோசிக்க ஆரம்பித்தார்.

"மெஷின் வெச்சா காது கேட்கும். அப்படித்தானே சொன்னாங்க?"

"ஆமா."

"எனக்குக் காது கேட்குது." மாசிலாமணியின் முகம் வெளுத்தது. "அப்போ எனக்குள்ளயும் யாரோ மெஷின் வெச்சிருக்காங்க!"

ஆபத்சகாயம் டார்ச் அடித்து அவர் காதுக்குள் பார்த்தார். பிறகு நாகப்பா காதுக்குள் பார்த்தார். ஒன்றும் தென்படவில்லை.

"ரொம்ப ஆழமா வெச்சிருக்காங்க" என்றார் ஆபத்சகாயம்.

நாகப்பாவுக்கு அழுகை வந்துவிட்டது. "எங்க அம்மா கடைசி வரைக்கும் இதை என்கிட்ட சொல்லவே இல்லையே!"

"அழாதடா. இத்தனை வருஷமா பேட்டரி மாத்தாமலே ஓடுது பாரு. உங்க அம்மா உனக்கு உசத்தியான மெஷினாப் பார்த்துத்தான் வெச்சிருக்காங்க" என்று தேற்றினார் ஆபத்சகாயம்.

நாகப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை குஞ்சிதபாதம் மண்டபத்திலேயே குளித்தார். டாக்டரம்மா சொன்னபடி மெஷினைக் கழற்றிச் சோப்பு டப்பாவில் வைத்தார். டப்பாவைப் பைக்குள் வைத்தார். பையை நாகப்பாவிடம் கொடுத்தார். மெஷினைத் திரும்பப் போட மட்டும் மறந்துபோனார்.

முகூர்த்த நேரம். சொந்தபந்தம் எல்லாம் மேடையைச் சுற்றி நின்றுகொண்டதால் மணமக்கள் மேளக்காரர்களின் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆபத்சகாயம் ஒரு பாட்டை முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். குஞ்சிதபாதம் மட்டும் தவிலை மெல்லத் தட்டிக்கொண்டிருந்தார். அப்போது மாசிலாமணி அவர் காதைப் பார்த்தார். காது காலியாக இருந்தது.

"தூங்கும்போது மெஷினைக் கழற்றிடணும்னாங்க" என்று அவர் கிசுகிசுத்தார். "மெஷினைக் கழற்றியிருக்கு. அதனால அண்ணன் தூங்குறார்."

"கண்ணு திறந்திருக்கே?" என்றார் நாகப்பா.

"டாக்டரம்மா கண்ணைப் பத்தி ஒண்ணும் சொல்லலை."

"தவில் வாசிக்கிறாரே?"

"தூக்கத்துல நடக்கிறவங்க இல்லையா? இவர் வாசிக்கிறார்."

நாகப்பா பையிலிருந்து சோப்பு டப்பாவை எடுத்தார். "இப்பவே மாட்டிவிட்டுடலாமா?"

"தூங்குறவருக்கு மெஷின் கூடாது" என்றார் ஆபத்சகாயம்.

"அப்போ முகத்துல தண்ணி தெளிச்சு எழுப்புவோம்." நாகப்பா தண்ணீரில் கையை நனைத்தார்.

"தண்ணி பட்டா அது குளியல் ஆயிடும். அப்பவும் மெஷின் கூடாது!"

அந்த நேரம் பார்த்து மேடையிலிருந்து குரல் வந்தது: "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

"எழுப்புடா!"

"தொடாதே, தண்ணிக் கையி!"

"ஐயோ, திருவிழா போச்சே!"

கழுத்து நரம்பு புடைக்க மூவரும் கத்துவதைக் குஞ்சிதபாதம் பார்த்தார். ஒரு சொல்கூட அவருக்குக் கேட்கவில்லை. 'கல்யாண வீட்டில் இப்படியா சண்டை போடுவது? சபைக்குக் கேட்டால் மானம் போய்விடுமே!' என்று பதறினார். சண்டைச் சத்தத்தை அமுக்குவதற்காக, உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் சேர்த்துத் தவிலை முழக்கினார்.

மேடையில் தாலி ஏறியது. அட்சதைத் தூசி வைத்தியலிங்கத்தின் மூக்கில் ஏறியது.

கொஞ்ச நேரத்தில் அவர் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "பிரமாதம்யா! உயிர் போற மாதிரி தும்மினேன். எனக்கே கேட்கலை! திருவிழா உங்களுக்குத்தான்." சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

திருவிழா கிடைத்ததை மூவரும் கவனிக்கவே இல்லை.

"தனக்கே கேட்கலைன்னாரே, பாவம்" என்றார் நாகப்பா.

"மெஷின் இருந்தா கேட்டிருக்கும்" என்றார் மாசிலாமணி. "கேட்கலை. அப்படின்னா ஐயாகிட்ட மெஷின் இல்லை."

இந்த முடிவு மட்டும் அப்பழுக்கில்லாமல் சரி. வைத்தியலிங்கத்திடம் மெஷின் இல்லைதான். ஆனால் மூவரும் அதோடு நிற்கவில்லை. சோப்பு டப்பாவுடன் பந்திக்குப் போனார்கள். இலையின் மேல் குனிந்திருந்தவரின் காதில் மெஷினைச் செருகினார்கள்.

"யாருய்யா அது? என்னய்யா பண்றீங்க?"

"அசையாதீங்க ஐயா. உங்க அம்மா வைக்க மறந்துட்டாங்க."

அதற்குள் பாயச வாளி அவர் இலையைத் தாண்டிப் போய்விட்டது. வைத்தியலிங்கம் கையைத் தூக்கிப் பாயசக்காரரைக் கூப்பிட்டார்.

பந்தி வாசலில் குஞ்சிதபாதம் தவிலைத் தோளில் மாட்டிக்கொண்டு காத்திருந்தார். தாலி கட்டியாகிவிட்டது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. பெண்ணின் அப்பா குரல் கொடுப்பார் என்று அவர் பின்னாலேயே வந்திருந்தார். பெண்ணின் அப்பா கையைத் தூக்குகிறார், வாயைத் திறக்கிறார். இதுதான் சமயம் என்று நாலே எட்டில் அவர் முதுகுப்பக்கம் வந்து கெட்டிமேளம் கொட்டினார்.

வைத்தியலிங்கம் உட்கார்ந்தபடியே ஒரு முழம் எழும்பி விழுந்தார்.

"கேட்டிருச்சு! ஐயாவுக்குக் கேட்டிருச்சு!" என்று மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

"யோவ், முதல்ல இந்தத் தவிலை நிறுத்தச் சொல்லுங்கய்யா!" என்று காதைப் பொத்திக்கொண்டு அலறினார் வைத்தியலிங்கம்.

மாசிலாமணி உதட்டில் விரலை வைத்தார்.

"மெல்லப் பேசுங்க ஐயா. அண்ணன் இன்னும் தூங்கிக்கிட்டிருக்கார்."