தெம்புக்கு முதல் வேலை

ஒரு வீட்டில் தெம்பு என்று ஒருவன் இருந்தான். கோவில்பட்டியில் செண்பகவல்லியின் வீடு அது. கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருவான். பால் பொங்கும்போது அடுப்படியில் நிற்பான். குக்கர் கூவுவதற்குள் வாசல் தெளித்துவிட்டு வந்துவிடுவான். சாயங்காலம் செண்பகவல்லி மொட்டை மாடிக்குப் போய், பக்கத்து வீட்டு மரியபுஷ்பத்தோடு தாயம் உருட்டும்போதும் அவன்தான் துணை. ஒருத்தி காயை மற்றவள் வெட்டிவிட்டால் இரண்டு பேரும் சிரிக்கிற சிரிப்பு தெருமுனை டீக்கடை வரை கேட்கும்.

சிரிப்பதற்கும் தெம்பு வேண்டும் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது. இருக்கிறவரைக்கும் எதன் அருமைதான் யாருக்குத் தெரிகிறது?

பிறகு அவளுக்கு மார்பில் கட்டி வந்தது. புற்றுநோய் என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். ஒவ்வொரு தடவையும் தெம்பு கூடவே போனான். திரும்பி வரும்போதெல்லாம் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக இளைத்து வந்தான். ஒருநாள் அவன் பின்னாலேயே ஒரு பெண்ணும் காரைவிட்டு இறங்கினாள். கனத்த உடம்பு, மெதுவான நடை. யாரும் வா என்று சொல்லவில்லை. நேராக உள்ளே வந்து, நாற்காலியில் சாய்ந்திருந்த செண்பகவல்லியின் மடிமேல் உட்கார்ந்துகொண்டாள்.

"யாரு நீ?" என்றாள் செண்பகவல்லி.

"அசதி."

"எதுக்கு வந்திருக்கே? யாரு அனுப்புனது?"

பதில் சொல்ல வாயைத் திறந்த அசதிக்குக் கொட்டாவி வந்துவிட்டது. பதிலும் அதோடு போயிற்று.

கேள்வி கேட்டவள் சும்மா இருப்பாளா? பதிலையும் தானே சொல்லிக்கொண்டாள். பெண் கேட்டு வருவதற்கு முன்னால் தரகர் வந்து வீட்டை ஒரு நோட்டம் பார்த்துவிட்டுப் போவாரே, அதுமாதிரி இவளை யமன்தான் அனுப்பியிருக்கிறான் என்று முடிவு கட்டினாள். இதைப் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. மடியில் இவ்வளவு பெரிய ஆளை வைத்துக்கொண்டு, யாரும் இல்லாத மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டாள்.

மறுநாள் விடிந்ததும் வீடே தெம்பைக் கூப்பிட்டது.

"ஏ தெம்பு, இங்க வா. நேத்து வச்ச சாம்பார் என் அடியில காஞ்சு கிடக்கு" என்றது தொட்டியில் கிடந்த குண்டாச் சட்டி.

"முதல்ல நான். மூலையில ஒட்டடை எவ்வளவு சேர்ந்திருக்கு பாத்தியா?" என்றது விளக்குமாறு.

அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்த காப்பி டம்ளர்கள் இருக்கின்றனவே, அவற்றுக்குத்தான் வாய் அதிகம். விருந்தாளி வந்தால் மட்டுமே கீழே இறங்குகிற சாதி. "இன்னைக்கும் ஆள் வருவாக. உடம்பு சரியில்லாதவளப் பாக்க வந்தவகள வெறும் வாயோட அனுப்புனா, இந்த வீட்டு மானம் என்ன ஆகுறது?" என்று அவை கேட்டன.

தெம்பு, செண்பகவல்லியைப் பார்த்தான். "போ" என்றாள் அவள். டம்ளர்கள் சொன்னது அவள் மனசில் இருந்ததுதான்.

ஆட்களும் வந்தார்கள். ஆளுக்கு ஆறு ஆரஞ்சும், தங்கள் சொந்தத்தில் இதே நோயில் செத்துப்போன ஒருவரின் கதையும் கொண்டுவந்தார்கள். அவர்களை உட்காரவைத்துவிட்டு அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போவாள். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் அவள் புருஷன் சங்கரபாண்டி, வீட்டில் இருக்கும்போது, "நான் போடுறேனே" என்று எழுந்து வருவார். விடமாட்டாள்.

"நீங்க போய் உக்காருங்க. நீங்க காப்பி கொண்டுபோய்க் குடுத்தா, அவளுக்கு முடியலைன்னு ஊரு பூராவும் பேசும்."

இப்படியாக, மத்தியானத்துக்குள் தெம்பு அடுப்பு மேடைக்கு அடியில் சுருண்டு விழுந்துவிடுவான். சாயங்காலம் மாடியிலிருந்து மரியபுஷ்பம், "யக்கா, வாரீகளா?" என்று கேட்டால் அவனுக்குத் தலையைத் தூக்க முடியாது. அவன் தூக்காமல் செண்பகவல்லி எப்படிப் படி ஏறுவாள்? நோயாளியைத் தொந்தரவு செய்கிறோமே என்று நினைத்த மரியபுஷ்பம், நல்ல மனசோடு, கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். ஊசி குத்தியபோது அழாத செண்பகவல்லி அன்றைக்கு அழுதாள்.

அசதியை விரட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பார்த்தாள். ஒருநாள் பல்லைக் கடித்துக்கொண்டு பரணிலிருந்த பித்தளைப் பாத்திரங்களையெல்லாம் இறக்கித் தேய்த்தாள். மறுநாள் அசதி தன் சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்து படுக்கையை நிறைத்தாள். சரி, ஓய்வுதான் மருந்து என்று பகலெல்லாம் படுத்தே கிடந்தாள். அசதி அதைத் தின்று இன்னும் கொழுத்தாள். ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம் என்கிற நிலைமை.

அடுத்த ஊசிக்கு முந்தின நாள் சங்கரபாண்டி பையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"நான் வரலைங்க. இந்த ஊசியே வேண்டாம்" என்றாள்.

"பாதிக்கு மேல தாண்டிட்டோமே, செண்பகம்."

"தாண்டி என்ன செய்ய? மாடி ஏற முடியலை. வாய்விட்டுச் சிரிக்க முடியலை. எப்படியும் போகப் போறவ, வீட்டுலயே கிடந்து போறேன்."

அவர் பையின் ஜிப்பை மூடப் பார்த்தார். அது பாதியில் சிக்கிக்கொண்டது. "சரி. அதை நீயே வந்து டாக்டரம்மாகிட்டச் சொல்லிரு. எனக்குச் சொல்ல வாய் வராது" என்றார்.

அவள் மடியிலிருந்த அசதி இதைக் கேட்டுத் திடுக்கிட்டாள். வந்த நாளிலிருந்து முதல் தடவையாக அவளுக்குத் தூக்கம் கலைந்தது.

இதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் செண்பகவல்லி ஒன்று செய்வாள். டாக்டர் அறை வாசலில் செருப்பைக் கழற்றும்போது அசதியையும் அங்கேயே உட்காரவைத்துவிடுவாள். "எப்படி இருக்கீங்க?" என்று டாக்டர் கேட்டால், "நல்லாருக்கேன் டாக்டரம்மா" என்பாள். நம் ஊரில் அந்தக் கேள்விக்கு வேறு பதிலே கிடையாதே. இந்தத் தடவை வெளியே விட்டுவிட்டுப் போக அவளுக்குத் திராணி இல்லை. அசதி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, டாக்டருக்கு எதிரில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "அட, நீயா? எப்ப வந்தே?"

செண்பகவல்லிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இவளை உங்களுக்குத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும். இந்த மருந்து ஏத்துற முக்கால்வாசி பேர் வீட்டுல இவ இருப்பா. நீங்க ஏன் இத்தனை நாள் சொல்லவே இல்லை?"

செண்பகவல்லி உண்மையைச் சொல்லிவிட்டாள். "யமன் அனுப்புனவன்னு நினைச்சேன். சொன்னா நீங்களும் ஆமான்னு சொல்லிருவீகளோன்னு பயம்."

"ஐயையோ, யமனா?" என்றாள் அசதி. "எனக்கும் அந்தாளுக்கும் பழக்கமே கிடையாது தாயி. நான் மருந்தோட வந்தவ. அது உள்ள போய் நோயோட சண்டை போடும்போது உன் தெம்பையும் கூடக் கொஞ்சம் பிடிச்சுத் தின்னுருது. அந்தக் காலி இடத்துலதான் நான் உக்காந்திருக்கேன். அன்னைக்கே சொல்ல வந்தேன். கொட்டாவி வந்துருச்சு."

செண்பகவல்லி அவளை முறைத்தாள். ஒரு கொட்டாவியால் எத்தனை நாள் நெஞ்சு வெந்தது என்று நினைக்க அவளுக்கு ஆத்திரமாகவும் வந்தது, ஆறுதலாகவும் இருந்தது.

டாக்டர் அவள் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். "ரத்தம் குறைஞ்சிருந்தா இவ ரெண்டு மடங்கு கனப்பா. அதை இன்னைக்கே பாத்துருவோம். இவளை விரட்டாதீங்க, மடியிலயே வச்சுக் கொஞ்சவும் வேண்டாம். தினமும் முடிஞ்ச தூரம் கையைப் பிடிச்சு நடத்திக் கூட்டிட்டுப் போங்க. மருந்து முடிஞ்சப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கிளம்பிருவா. சில பேர் வீட்டுல சீக்கிரம், சில பேர் வீட்டுல கொஞ்சம் தாமதமா. அதுவரைக்கும், இருக்கிற தெம்பை உங்களுக்கு எது பிடிக்குமோ அதுக்கு முதல்ல அனுப்புங்க."

"அப்ப பாத்திரம்?"

"பாத்திரத்துக்கு என்ன வந்துச்சு? அது எவர்சில்வர். காத்திருக்கும்."

அன்றைக்கு ஊசி போட்டுக்கொண்டுதான் வீடு திரும்பினாள். வேண்டாம் என்று சொல்ல வந்ததையே மறந்துபோனாள்.

முதல் சில நாள் அசதி அசையவே இல்லை. அப்புறம் ஒரு காலையில் இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு தெருமுனை வரை போய் வந்தார்கள். வந்ததும் வழக்கம்போலக் குண்டாச் சட்டி கத்தியது. விளக்குமாறும் கத்தியது.

"யாருகிட்டயும் போகாத" என்றாள் செண்பகவல்லி தெம்பிடம். "இங்கயே படு. சாயங்காலம் உனக்கு மாடியில வேலை இருக்கு. மிச்சம் இருந்தா மத்ததுக்கு."

தெம்பு நம்பாமல் அவள் முகத்தையே பார்த்தான். அவனைப் படு என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. படுத்தவன் அடித்துப்போட்டதுபோலத் தூங்கினான். அவள் சொன்னதைக் கேட்டு அடுப்படிக்குப் போன சங்கரபாண்டி, சட்டியைத் தேய்த்தார். அவர் தேய்த்த அழகுக்குச் சட்டி அவரை ஏசித் தீர்த்தது. அதற்கெல்லாம் அசருகிற ஆளா அவர்?

வெயில் தாழ்ந்ததும் செண்பகவல்லியே கூப்பிட்டாள். "ஏ மரியபுஷ்பம், வாரியா?"

ஒரு பக்கம் தெம்பு தாங்க, மறுபக்கம் அசதி தொங்க, நின்று நின்று படி ஏறினாள். மரியபுஷ்பம் கரித்துண்டால் கட்டம் போட்டுவிட்டுத் தயாராக இருந்தாள். நான்காவது உருட்டலில் அவளுடைய காயைச் செண்பகவல்லி வெட்டினாள். டீக்கடை வரை கேட்காவிட்டாலும், கீழே கூடம் வரை அந்தச் சிரிப்பு கேட்டது.

அதைக் கேட்டுக்கொண்டேதான் வள்ளிமயில் மாடிக்கு ஏறி வந்தாள். சங்கரபாண்டியின் தங்கை, எட்டயபுரத்திலிருந்து ஆரஞ்சும் ஆறுதலுமாக வந்திருந்தாள். பின்னாலேயே சங்கரபாண்டி காப்பி கொண்டுவந்தார். சர்க்கரை பாதி டம்ளருக்கு இருந்தது. வானம் இடிந்து விழப்போகிறது என்று டம்ளர்கள் கண்ணை மூடிக்கொண்டன. வள்ளிமயில் ஒரு மடக்குக் குடித்தாள். முகம் கோணியது. அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை.

"என்ன மதினி இது, உடம்பு இப்படி இருக்கையில தாயம் உருட்டிக்கிட்டு? படுத்திருக்க வேண்டாமா?" என்றவள், செண்பகவல்லியின் தோளில் சாய்ந்து கண் சொருகிக் கிடந்தவளை அப்போதுதான் பார்த்தாள். "இது யாரு, உங்க மேல சாஞ்சுக்கிட்டு?"

செண்பகவல்லி அசதியின் தலை சரியாமல் தோளை நகர்த்திக் கொடுத்தாள்.

"இவ அசதி. மருந்தோட வந்தவ. வந்த வேலை முடிஞ்சதும் போயிருவா." தாயக்கட்டையைக் கையில் வைத்து உரசிக்கொண்டாள். "நான் இங்கனதான் இருப்பேன்."