ராசா தூங்கினா யார் ராசா?

ரொம்பக் காலத்துக்கு முந்தி தென்கரை நாட்டைக் குலமாணிக்கன்னு ஒரு ராசா ஆண்டுக்கிட்டிருந்தாரு. ஆண்டாருன்னு சொல்றது ஒரு மரியாதைக்குத்தான். அவருக்குத் தத்துவக் கிறுக்கு. "ஏரி உடைஞ்சிருச்சு மகாராசா"ன்னு ஒருத்தன் மூச்சிரைக்க ஓடியாந்தா, "உடைஞ்சது ஏரியா, உன் மனசா?"ன்னு கேப்பாரு. அவன் பதில் யோசிக்கிறதுக்குள்ள ஊருக்குள்ள தண்ணி வந்திரும்.

அந்தச் சபையில சூளாமணின்னு ஒரு பண்டிதர். இன்னொருத்தன் நல்ல பேரு எடுத்தா அன்னிக்கு அவருக்குச் சோறு இறங்காது. ஒரு நாள் அவர், "காலம்னு ஒண்ணு கிடையவே கிடையாது. நேத்தும் இல்லை, நாளையும் இல்லை"ன்னு கையை உயர்த்தி முழங்கினாரு. ராசா வாயைப் பொளந்துக்கிட்டுக் கேட்டாரு. சரியா அப்ப மணிக்காரன் இசக்கிமுத்து உச்சிவேளை மணியை அடிச்சான். டங்! மொத்தச் சபையும் எந்திரிச்சு சாப்பிடப் போயிருச்சு. ராசாவும்தான்.

உயர்த்தின கையோட தனியா நின்ன சூளாமணிக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது. மறுநாள் ஆரம்பிச்சாரு.

"மகாராசா, மத்தியானம் தூங்குறீங்களே, அப்ப நீங்க ராசாவா?"

"இதென்னய்யா கேள்வி? ராசாதான்."

"அது அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"தூங்குறவனுக்கு எப்படித் தெரியும்?"

"தான் ராசான்னு தனக்கே தெரியலைன்னா அவர் எப்படி ராசா? உணர்வு போனா ஆளே போச்சு. தினமும் மத்தியானம் ரெண்டு நாழிகை இந்த நாட்டுக்கு ராசாவே இல்லை!"

ராசாவுக்கு வேர்த்துக் கொட்டிருச்சு. முப்பது வருசமா சிம்மாசனத்தைக் காலியா விட்டிருக்கோமேன்னு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டாரு.

"இதுக்கு என்னய்யா வழி?"

"நீங்க தூங்கினா, பக்கத்துல முழிச்சிருக்கிற ஆள் ராசான்னு சட்டம் போடுங்க."

"உம்ம பேரை எழுதிரட்டுமா?"

"ஐயையோ, வேண்டாம். பதவிக்கு ஆசைப்பட்டேன்னு நாலு பேர் பேசுவாங்க."

பேரில்லாமலே ஓலை எழுதியாச்சு. அன்னிக்கு மத்தியானம் ராசா சபையிலயே கட்டிலைப் போட்டுச் சாய்ஞ்சாரு. சூளாமணி முத்திரை மோதிரத்தை மாட்டிக்கிட்டு சிம்மாசனத்துல ஏறினாரு. முதல் உத்தரவே இதுதான்: மணிக்காரன் இசக்கிமுத்துவை நாளைக்குச் சாயங்காலம் யானையை விட்டு மிதிக்க வைக்கணும். காலமே இல்லைன்னவர், நேரத்தை மட்டும் கரெக்டா சொன்னாரு.

கட்டில் பக்கத்துல நின்ன மாடத்தியோட கையில விசிறி அப்படியே நின்னுருச்சு. ராசாவுக்கு விசிறி வீசுறதுதான் அவ வேலை. இசக்கிமுத்து அவ புருசன்.

ராசா முழிச்சதும் கால்ல விழுந்தா. "மணி அடிச்சதுக்கு உசிரா, மகாராசா?"

ராசாவுக்கும் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஆனா தத்துவம் விடலையே. "நான் என்னம்மா செய்ய? இதை நான் மாத்தினா, தூங்கும்போதும் நான்தான் ராசான்னு ஆயிரும். தூக்க நேரத்து உத்தரவைத் தூக்க நேரத்து ராசாதான் மாத்தணும். நாளைக்கு மத்தியானம் அவர்கிட்டயே கேளு."

மாடத்தி கண்ணைத் துடைச்சா. ஓலையை இன்னொருக்கா வாசிக்கச் சொல்லிக் கேட்டா.

மறுநாள் மத்தியானம் சபை சாப்பிடப் போனதும் ராசா குறட்டை விட ஆரம்பிச்சாரு. சூளாமணி மூணு குவளைப் பாயசத்தைக் குடிச்சிட்டுச் சிம்மாசனத்துல சாய்ஞ்சாரு.

"ஏ மாடத்தி, இங்க வந்து எனக்கு வீசு."

வந்து வீசினா. மெதுவா.

"வேகமா வீசேன்டி."

"சத்தத்துல அவர் முழிச்சிட்டா உங்க ராச்சியம் முடிஞ்சிரும். பரவாயில்லையா ஐயா?"

"மெதுவாவே வீசு."

"ஒரு சந்தேகம் ஐயா. மனுசன் எதுக்காகப் பொறக்கான்?"

சூளாமணி முகம் மலர்ந்துருச்சு. தொண்டையைச் செருமிக்கிட்டு ஆரம்பிச்சாரு. சபையில யாராவது எதிர்த்துப் பேசுவாங்க, இவர் பாய்வாரு, தூக்கம் அண்டாது. மாடத்தி எதிர்க்கலை. 'உம்' கூடக் கொட்டலை. தன் பேச்சைத் தானே முழுசா கேக்கிற தண்டனை அன்னிக்குத்தான் அவருக்குக் கிடைச்சுது. "ஆகையினாலே, வாழ்க்கைங்கிறது..."ன்னாரு, தலை தொங்கிருச்சு.

மாடத்தி விசிறியைக் கீழ வச்சா. மோதிரத்தை உருவினா. வாசல்ல நின்ன காவலாளி ரெண்டு பேரைக் கூப்பிட்டா.

"சட்டம் தெரியும்ல?"

மூத்த காவலாளி தூங்குற ரெண்டு பேரையும் பாத்தான். முழிச்சிருக்கிறவளைப் பாத்தான். "உங்களை... என்னன்னு கூப்பிடணும் தாயி?"

"அதை அப்புறம் பாக்கலாம். முதல்ல இவரைத் தூக்கி அந்தக் கட்டில்ல படுக்க வைங்க."

ராசா பக்கத்துல அலுங்காம படுக்க வச்சாங்க. மாடத்தி சிம்மாசனத்துல ஏறிச் சம்மணம் போட்டு உக்காந்தா.

"இந்தா மோதிரம். ஓடிப்போய்க் கோட்டை வாசல்ல கட்டிப் போட்டிருக்கிற இசக்கிமுத்துவை அவுத்து விடு."

இளைய காவலாளி பறந்தான்.

"இன்னொரு உத்தரவு. யானையையும் அங்க கூட்டி வந்தாச்சு, சும்மா திருப்பி அனுப்ப வேண்டாம். சூளாமணியைக் கொண்டுபோ."

மூத்தவன் கையில இருந்த ஈட்டி நழுவித் தரையில விழுந்துச்சு. சூளாமணி துள்ளி எந்திரிச்சாரு. சிம்மாசனத்துல விசிறிக்காரியைப் பாத்து அலறினாரு.

"அடியே, இறங்குடி! நான்தான்டி ராசா!"

"தூங்கிட்டீங்களே ஐயா. உணர்வு போனா ஆளே போச்சே."

"தூங்கினா என்னடி? தூங்குறவன் செத்தா போயிட்டான்? தூங்கினாலும் நான் நான்தான்!"

"என்ன சொன்னீரு ஓய்?"

பக்கத்துத் தலைகாணியில இருந்து வந்துச்சு அந்தக் குரல். ராசா முழிச்சுப் படுத்திருந்தாரு.

"தூங்கினாலும் நீர் நீருன்னா, தூங்கினாலும் நான் நான்தானே? அப்ப நேத்து மத்தியானம் ராசா யாரு?"

"நீங்கதான்..."

"அப்ப என் மோதிரத்தைப் போட்டுக்கிட்டு, என் மணிக்காரனைக் கொல்லச் சொன்னது யாரு?"

எந்தக் கேள்விக்கும் மூணு பதில் வச்சிருக்கிற மனுசன் மோதிரம் இல்லாத விரலை முதுகுக்குப் பின்னால ஒளிச்சாரு.

ராசா ஓலையை ரெண்டா முறிச்சாரு. யானையைக் கொட்டடிக்கு அனுப்பினாரு. சூளாமணி கையில விசிறியைக் கொடுத்து, "இனிமே தினமும் நான் தூங்கும்போது நீர் முழிச்சிருந்து வீசும்"னாரு. அவரோட சபை ஆசனமும், அதுக்கு விட்ட மூணு காணி நிலமும் மாடத்திக்கு.

"இப்ப நீ சொல்லும்மா. மனுசன் எதுக்காகப் பொறக்கான்?"

"நாளைக்குச் சொல்றேன் மகாராசா. இப்ப என் புருசனைப் பாக்கணும்."

இசக்கிமுத்து கட்டை அவுத்து விட்டும் எந்திரிக்காம கோட்டை வாசல்லயே உக்காந்திருந்தான்.

"ஏட்டி, யாரு என்னை விடச் சொன்னது?"

"ராசா."

"எந்த ராசா?"

"நான்தான்."

அவன் கையை எடுத்து அவ நெத்தியில வச்சுப் பாத்தான். காய்ச்சல் இல்லை.