மம்மியிடம் மட்டும் பேசாதவன்

குரு என்றதும் தாடியையும் மரத்தடியையும் தேடாதீர்கள். இந்தக் கதையில் குருவுக்கு முப்பத்து மூன்று வயது. பெயர் இசக்கியம்மாள். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆங்கிலத் துறை, மாடியில் கடைசி அறை, ஒரு இரும்பு பீரோ, சுற்றலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்துச் சுற்றும் ஒரு ஃபேன். இதுதான் ஆசிரமம். சிஷ்யைக்கு வயது நாற்பத்தாறு. பெயர் ஜெபக்கனி. வயசுக்கு மூத்தவள் சிஷ்யையாக வந்து நின்றால் யார் யாரை எப்படிக் கூப்பிடுவது? இரண்டு பேருமே 'மேடம்' என்று வைத்துக்கொண்டார்கள். வம்பில்லை பாருங்கள்.

ஜெபக்கனியும் ஒரு தனியார் கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறவள்தான். பிஎச்.டி. இல்லாவிட்டால் வேலையில் நிற்க முடியாது என்று ஆன பிறகு, இசக்கியம்மாளை வழிகாட்டியாக வைத்துத் தொடங்கிய ஆராய்ச்சி இது. தலைப்பு என்னவோ பெரியதுதான்: பேசப் பழகும் குழந்தையின் ஆங்கிலத்திலிருந்து, பொருளை விற்கும் விளம்பரத்தின் ஆங்கிலம் வரை. விளம்பரத்துக்குப் பஞ்சமில்லை, டி.வி.யைத் திறந்தால் கொட்டுகிறது. குழந்தைக்கு எங்கே போவது? அதற்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. கல்யாணமாகிப் பல வருஷம் கோயில் கோயிலாக, மன்னிக்கவும், சர்ச் சர்ச்சாக ஏறி இறங்கிப் பெற்ற பிள்ளை வீட்டிலேயே இருந்தான். ரூபன். மூன்று வயது. கையில் வெண்ணெய் இருக்க நெய்க்கு எவளாவது அலைவாளா?

பிறந்ததிலிருந்து அவனிடம் அவள் ஆங்கிலத்தில்தான் பேசினாள். அவன் பந்தைப் 'பால்' என்றும் பூனையைக் 'கேட்' என்றும் சொல்லத் தொடங்கியதும் செல்போனை ஃபிரிட்ஜ் மேல் வைத்து, சாயங்காலம் தோறும் பதிவு செய்தாள். ராத்திரி அதைக் கேட்டுக் கேட்டு எழுதினாள். காலையில் கல்லூரி. சமையல் நடுவில். தூக்கம் பஸ்ஸில்.

மே மாதத்து வெயிலில் ஒரு மதியம், பரீட்சை ஹாலில் கால்கடுக்க நின்றுவிட்டு, பஸ்ஸிலும் நின்றுகொண்டே வந்து, மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறினாள் ஜெபக்கனி.

"உக்காருங்க மேடம். மொதல்ல தண்ணி குடிங்க," என்றாள் இசக்கியம்மாள். அவள் முன்னாலும் திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டு மலையாகக் கிடந்தது. அவள் கண்ணும் சிவந்துதான் இருந்தது.

ஜெபக்கனி டம்ளரைக் காலி செய்து வைத்தாள். பைண்ட் செய்த ஆய்வேட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்தாள்.

"முடிச்சிட்டீங்களா?"

"முடிச்சிட்டேன்னுதான் சொல்லணும் மேடம். ஆனா மொதப் பாதியும் ரெண்டாம் பாதியும் ஒட்டவே மாட்டேங்கு. குழந்தை ஒரு கரையில நிக்கு, விளம்பரம் ஒரு கரையில நிக்கு. நடுவுல பாலம் இல்ல."

"விளம்பரத்துல என்ன பாத்தீங்க? சொல்லுங்க."

அதைக் கேட்டதும் அந்த அலுப்பிலும் ஜெபக்கனியின் குரலில் கொஞ்சம் உயிர் வந்தது. பாடம் நடத்துகிறவளுக்குப் பாடத்தைப் பற்றிக் கேட்டால் வராதா பின்னே?

"எதை எடுத்தாலும் கேள்வி இருக்கு மேடம். சத்து பானம், பிளாட்டு, ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ், எல்லாத்துலயும். 'உங்க பிள்ளை உயரமா வளர வேண்டாமா? உங்களுக்குன்னு ஒரு வீடு வேண்டாமா?' கேக்கிறவனுக்கு விடை தெரியும். தெரிஞ்சுக்கிடறதுக்காகக் கேக்கல. அவன் வார்த்தை நம்ம வாயால வரணும், அவ்வளவுதான் அவனுக்கு."

"அப்பிடிக் கேட்டுக்கிட்டே இருந்தா ஜனங்க என்ன செய்யும்?"

"கொஞ்ச நாள் தலையாட்டும். அப்புறம் சேனலை மாத்திரும்."

"ம்," என்றாள் இசக்கியம்மாள். "நல்லாப் பாத்திருக்கீங்க."

வேறு நாளாக இருந்தால் இந்த ஒரு சொல்லுக்கே ஜெபக்கனி பூரித்துப் போயிருப்பாள். அன்றைக்கு அவள் ஆய்வேட்டைத் திறக்கக்கூட இல்லை. அட்டை மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"வேற ஒண்ணு கேக்கணும் மேடம். படிப்பு விஷயம் இல்ல."

"கேளுங்க."

"என் பிள்ளை என்கிட்ட பேச மாட்டேங்கான்."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஊரான் வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் பேச வைக்கச் சம்பளம் வாங்குகிறவள். தவமிருந்து பெற்ற ஒரே பிள்ளை அவளைக் கண்டால் வாயை மூடிக்கொள்கிறான். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

"யார்கிட்டயும் பேசலையா, உங்ககிட்ட மட்டுமா?"

"மத்தவங்ககிட்ட வாய் ஓயாது மேடம். அவங்க அப்பா உரக்கடையில உக்காந்துக்கிட்டு வாறவன் போறவனையெல்லாம் வம்புக்கு இழுக்கான். பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டிகிட்ட கதை சொல்லுதான். நான் வாசல்ல செருப்பைக் கழட்டுனா போதும், கப்சிப்."

"பசிச்சா?"

"தட்டைத் தூக்கிக்கிட்டு வந்து நிப்பான்."

ஃபேன் ஒரு சுற்று நின்று மறுபடி சுற்றியது.

"போன வாரம் அவனுக்குக் காது வலி. சீழே வந்துட்டு. என்கிட்ட சொல்லல. அவங்க அப்பா சொல்லித்தான் எனக்கே தெரியும். 'ஏட்டி, உன்கிட்ட சொல்லலையா'ங்காரு. நான் என்னன்னு சொல்ல?"

"உங்ககிட்ட வரவே இல்லையா?"

ஜெபக்கனி யோசித்தாள்.

"வந்தான். காதைப் பொத்திக்கிட்டு வந்து நின்னான். நான் 'வாட் இஸ் திஸ்?'ன்னு கேட்டேன். 'இயர்'ன்னான். 'வெரி குட்'ன்னேன். போயிட்டான்."

இசக்கியம்மாள் விடைத்தாள் கட்டை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"எல்லாம் இந்த இங்கிலீஷால வந்த வினைன்னு எங்க நாத்தனார் சொல்லுதாங்க மேடம். பிள்ளையை ஊமையாக்கிட்டேனாம். எனக்கும் அப்பிடித்தான் தோணிச்சு."

"அப்ப தமிழ்ல பேசிப் பாக்க வேண்டியதுதான?"

"பாத்துட்டேன். இந்த ஒரு வாரமா தமிழ்தான். ரெக்கார்டு கூட செய்யல. பக்கத்துல உக்கார வச்சு, 'இது என்ன கலரு, சொல்லு கண்ணு. இது ஆடா, மாடா? மாடு என்ன தரும்?' எம்புட்டு ஆசையாக் கேக்கேன். எந்திரிச்சுப் போயிருதான்."

"ஓகோ."

"நான் என்ன குத்தம் செஞ்சேன் மேடம்? ஒரு அடி அடிச்சதில்ல. ஒரு சொல்லு கடிஞ்சு பேசுனதில்ல. அவன் ஏன் என்கிட்ட பேச மாட்டேங்கான்?"

இசக்கியம்மாள் மேஜையிலிருந்த டம்ளரை எடுத்து உயர்த்திக் காட்டினாள்.

"இது என்ன?"

ஜெபக்கனி விழித்தாள். "டம்ளர்."

"வெரி குட். என்ன கலர்?"

"சில்வர் கலர்."

"சூப்பர். இது?"

"பேனா." ஏதோ ஆராய்ச்சி முறை போலிருக்கிறது, பெரிய படிப்புப் படித்தவர்கள் காரணமில்லாமல் செய்ய மாட்டார்கள் என்று ஜெபக்கனி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பேனாவால என்ன செய்வோம்?"

"எழுதுவோம்."

"முழுசாச் சொல்லுங்க பாப்போம். பேனாவால நாம எழுதுவோம்."

"பேனாவால நாம எழுதுவோம்."

"வெரி வெரி குட்." இசக்கியம்மாள் முகமெல்லாம் சிரிப்பாகக் கை தட்டினாள். "மேல சுத்துதே, அது என்ன?"

"ஃபேன்."

"எத்தனை ரெக்கை இருக்கு? எண்ணிச் சொல்லுங்க."

"மேடம், எனக்குத் தலை வலிக்கு."

"தலையா? தலை எங்க இருக்கு? தொட்டுக் காட்டுங்க பாப்போம்."

ஜெபக்கனிக்குச் சுருக்கென்று வந்தது. எத்தனை வயசுப் பெண் இவள்? நம் தங்கச்சியை விடச் சின்னவள். வெயிலில் நாய் மாதிரி அலைந்து வந்து, மனசில் கிடந்ததையெல்லாம் கொட்டினால், நம்மை வைத்து விளையாடுகிறாளே. அவள் வாயை இறுக்கிக்கொண்டாள். ஆய்வேட்டை எடுத்துப் பைக்குள் திணித்துக்கொண்டு எழுந்தாள்.

"சொல்லுங்க. தலை எங்க இருக்கு?"

"உங்களுக்குத்தான் தெரியுமே மேடம். எதுக்குக் கேக்கீங்க?"

இசக்கியம்மாளின் சிரிப்பு போய்விட்டது. டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"மன்னிச்சிருங்க. உக்காருங்க மேடம். கோவிச்சுக்கிட்டுப் போயிராதீங்க."

ஜெபக்கனி உடனே உட்காரவில்லை. பையைப் பிடித்தபடி நின்றாள். கடைசியில் உட்கார்ந்தாள்.

"நீங்க அனுப்புன பதிவையெல்லாம் நேத்துதான் உக்காந்து கேட்டேன்," என்றாள் இசக்கியம்மாள். "எழுதினதை மட்டும் படிச்சுக்கிட்டு இவ்வளவு நாள் இருந்துட்டேன். அது என் தப்பு." மடிக்கணினியைத் திறந்து, தேடி, ஒரு இடத்தில் அழுத்தினாள்.

"ரூபன், வாட் கலர் இஸ் திஸ் பால்?" என்று ஒரு பெண் குரல் கேட்டது. சர்க்கரையில் முக்கி எடுத்த குரல். தன் குரல்தான் என்று ஜெபக்கனிக்குத் தெரியும். ஆனாலும் அதை வேறு எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. டி.வி.யில் சத்து மாவு விற்கிறவள் இப்படித்தான் பேசுவாள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு குழந்தையின் குரல் வந்தது.

"யூ ஒன்லி நோ, மம்மி. வொய் ஆஸ்கிங்?"

இசக்கியம்மாள் நிறுத்தினாள்.

"இது ரெண்டாம் அத்தியாயத்துல இருக்கு மேடம்," என்றாள் ஜெபக்கனி, பழக்க தோஷத்தில். "'ஒன்லி'ங்கிற சொல்லை நம்ம ஊர்ப் பிள்ளைங்க எப்பிடி அழுத்தத்துக்குப் போடுதுங்கன்னு காட்டியிருக்கேன். கோயம்புத்தூர் கருத்தரங்குல இதுக்குத்தான் கை தட்டுனாங்க."

"சரி. அவன் சொன்னதைத் தமிழ்ல சொல்லுங்க."

"'உனக்குத்தான் தெரியுமே மம்மி. எதுக்குக் கேக்கே?'"

சொல்லி முடித்த பிறகுதான் அது அவளுக்குக் கேட்டது. சற்று முன்னால், பையைத் தூக்கிக்கொண்டு நின்று, ஆத்திரத்தோடு அவளே சொன்ன வார்த்தை. கை தானாக வாயைப் பொத்திக்கொண்டது.

"அதுக்கு நீங்க என்ன பதில் சொன்னீங்க?"

"ஞாபகம் இல்ல மேடம்."

இசக்கியம்மாள் மறுபடி அழுத்தினாள்.

"வெரி குட், ரூபன். அண்ட் வாட் இஸ் திஸ்?"

அதற்குப் பிறகு குழந்தையின் குரல் இல்லை. சின்னக் காலடிகள் தரையில் பட்டுப் பட்டுப் போயின. அந்தப் பெண் குரல் மட்டும் இன்னொரு தடவை, இன்னும் இனிப்பாக, அதையே கேட்டது. இசக்கியம்மாள் மூடிவைத்தாள்.

ஜெபக்கனி அழுதாள். சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு, பக்கத்து அறைக்குக் கேட்காமல் அழுதாள். எத்தனை தடவை கேட்டிருப்பாள் அந்த வரியை. முன்னே ஓட்டி, பின்னே ஓட்டி, ஒவ்வொரு எழுத்தாக எழுதி, அடிக்கோடு போட்டு, மேடையில் வாசித்துக் காட்டி, கைதட்டும் வாங்கியிருந்தாள்.

"ஆராய்ச்சிக்காரி காதுல விழுந்திருக்கு மேடம். பெத்தவ காதுல விழல."

இசக்கியம்மாள் அவளைத் தேற்றவில்லை. குடத்திலிருந்து இன்னொரு டம்ளர் தண்ணீர் மொண்டு வந்து வைத்தாள். ஜெபக்கனி முகத்தைத் துடைத்துக்கொண்டு குடிக்கும்வரை காத்திருந்தாள்.

"இந்த ஆராய்ச்சியை விட்டுரட்டுமா?"

"விட்டா விடுங்க. ஆனா வீட்டுக்குப் போன உடனே அவன்கிட்ட ஏதாவது கேக்கத்தான செய்வீங்க?"

ஜெபக்கனி என்ன கேட்பாள்? சாப்பிட்டாயா என்றா? சாப்பிட்டிருப்பான் என்று தெரியும். காது வலிக்கிறதா என்றா? மருந்து விட்டாயிற்று, வலி நின்றுவிட்டது, அதுவும் தெரியும். யோசிக்க யோசிக்க அவளுக்குப் பயமாக இருந்தது. மூன்று வருஷம் அவனிடம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். அவன் ஆட்டுக்குட்டிக்கு என்ன கதை சொல்கிறான் என்று ஒரு நாள் கேட்டதில்லை.

கீழே மைதானத்தில் வெயில் இறங்கியிருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. இரண்டு பேருமே எழுந்திருக்கவில்லை.

"இனிமே அவன் என்கிட்ட பேசுவானா மேடம்?"

பேசுவான், பேசாமல் எங்கே போகப் போகிறான், பிள்ளைகள் மனசில் ஒன்றும் நிற்காது என்று எதையாவது சொல்லி அனுப்பியிருக்கலாம். எல்லோரும் அப்படித்தான் சொல்லி அனுப்புவார்கள். இசக்கியம்மாள் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாதுக்கா," என்றாள். "உங்களுக்கும் தெரியாது. இதை அவன்கிட்டயே கேளுங்க."