நெஞ்சில் ஒட்டிய கை

மலையடிவாரத் தோப்பில் சாந்தப்பன் என்ற குரங்கும் வரிச்சி என்ற அணிலும் இருந்தார்கள். சாந்தப்பன்தான் தோப்புக்குத் தலைவர். ரொம்பக் கண்டிப்பு! "முதல் மழைக்கு முன்னால் பலாப்பழத்தைத் தொடுவது பாவம்! தொட்டவருக்குத் தோப்பில் இடமில்லை!" என்று தினமும் உபதேசம் செய்வார்.

ஒரு மத்தியானம் எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பலா வாசனை சாந்தப்பன் மூக்கைத் துளைத்தது. சுற்றுமுற்றும் பார்த்தார். பழத்தைப் பிளந்துவிட்டார்! மரப்பொந்தில் குட்டிகளோடு இருந்த வரிச்சி எட்டிப் பார்த்தாள்.

"ஐயா, நீங்களா!"

"உஷ்! யாரிடமும் சொல்லாதே. இந்தா, உனக்கும் ஒரு சுளை!"

பிள்ளைக்காரியின் பசிக்குக் கேட்கவா வேண்டும்? வாங்கித் தின்றாள். சொல்லமாட்டேன் என்று வாக்கும் கொடுத்தாள்.

அந்த நேரம் பார்த்துத் தோப்புக் காவல்காரி மைனா வந்தது. சாந்தப்பன் கையை நெஞ்சில் துடைத்துக்கொண்டு ஒரே பாய்ச்சல்! அகப்பட்டவள் வரிச்சி மட்டும்.

"ஏண்டி, இவ்வளவு பெரிய பழத்தை நீயா பிளந்தாய்? கூட யார்?"

"தின்றது தப்புதான். கூட இருந்தவர் தன் பேரைத் தானே சொல்லட்டும்!"

வரிச்சியின் கழுத்தில் சிவப்பாக ஒரு கல்யாண முருங்கைப் பூவைக் கட்டிவிட்டார்கள். பார்க்கிறவர்கள் எல்லாம் ஏச வேண்டுமாம்! பூவோ அவளுக்கு அத்தனை அழகாக இருந்தது. "அம்மா, எனக்கும் ஒண்ணு!" என்று முயல்குட்டிகள் அழுது புரண்டன.

சாந்தப்பன் பாடு வேறு. பலாப்பால் காய்ந்து, வலது கை நெஞ்சு முடியோடு ஒட்டிக்கொண்டது! ஓடையில் முக்கித் தேய்த்தார். இன்னும் இறுகியது. எண்ணெய் தடவினால் போய்விடும் என்று எந்தத் தாயைக் கேட்டாலும் சொல்லியிருப்பாள். கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடுமே!

மறுநாள் நெஞ்சில் கை வைத்தபடியே உபதேசம் செய்தார்.

"அடடா, என்ன உருக்கம்!" என்று முயலம்மா கண்ணைத் துடைத்தது.

மூன்றாம் நாள் தோப்பு முழுக்க நெஞ்சில் கை! காட்டுக்கோழி சிறகை வைத்தது. ஆமை வைக்கப் பார்த்து மல்லாந்து விழுந்தது!

தீர்ப்பு நாள் வந்தது. தலைவர் மூன்று முறை கை தட்டினால்தான் அந்தத் தோப்பில் தீர்ப்பு செல்லும்.

"பேரைச் சொல், இல்லாவிட்டால் தோப்பை விட்டுப் போ!" என்றது மைனா.

"குட்டிகள் இன்னும் கண்கூடத் திறக்கவில்லையே! வெளியே போனால் பருந்து விட்டுவைக்குமா?" என்றாள் வரிச்சி. சாந்தப்பனைப் பார்த்தாள். பேரை மட்டும் சொல்லவில்லை.

"தட்டுங்க ஐயா!"

சாந்தப்பன் கையை இழுத்தார். வரவில்லை. இடது கையால் தொடையில் தட்டினார்.

"செல்லாது!"

காலைத் தூக்கித் தட்டினார். குப்புற விழுந்தார்!

"பாவம், ஐயாவுக்கு மனசு வரவில்லை. நீங்க தலையை ஆட்டுங்க, போதும். நானே தட்டிவிடுகிறேன்!" என்றது மைனா.

தப்பிக்க நல்ல வழி! ஒரே ஒரு தலையாட்டல்தான். அப்போது பொந்திலிருந்து "கீச், கீச்" என்று குட்டிகளின் சத்தம். சாந்தப்பனின் தலை ஆட மறுத்தது.

"வேண்டாம்! பழத்தைப் பிளந்தவன் நான்தான்! இது உருக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. பலாப்பால்!"

எல்லாரும் அவர் கையை உற்றுப் பார்த்தார்கள். பிறகு ஆமை களுக்கென்று சிரித்தது. அவ்வளவுதான், எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்!

வரிச்சி இலுப்பைக் கொட்டையை மென்று, அந்த எண்ணெயைத் தடவிக் கையைப் பிரித்தாள். "முதல் நாளே கேட்டிருக்கலாமே, ஐயா!"

"அப்படியானால் இரண்டு பேரும் போக வேண்டும்!" என்று மைனா துள்ளியது.

"நீ சும்மா இரு! கண் திறக்காத பிள்ளைகளை வைத்திருப்பவளை யார் விரட்டுகிறார்கள் என்று பார்க்கிறேன்!" என்று முயலம்மா குறுக்கே வந்து நின்றது. எல்லாரும் அதன் பக்கம் சேர்ந்தார்கள்.

தானே ஒப்புக்கொண்டதால் சாந்தப்பனையும் விரட்டவில்லை; தலைமைப் பதவி மட்டும் போயிற்று. குட்டிகளுக்குப் பருந்துக் காவல் வேலை வந்தது. தப்பை ஒளித்த நாளிலிருந்து சாப்பாடே இறங்காத அவர் அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டார்.

செய்த தப்பை ஒளிப்பவர் தானும் நிம்மதி இழந்து, பிறரையும் தண்டனையில் மாட்டிவிடுவார். ஒப்புக்கொள்பவர் இரண்டு பேரையும் காப்பாற்றுவார்.